காட்டுப்பூவரசும் கல்கத்தாத் தோட்டச் சங்கமும்

ஏப்ரல், மே மாதங்களில் டார்ஜிலிங், கேங்டாக் போய்த் திரும்பும் நம் தமிழ்க் குடும்பத்தார் பெரும்பாலும் மூன்று சாமான்களோடு வருகிறார்கள். தேயிலைப் பொட்டலம், கம்பளிச் சால்வை, பிளாஸ்டிக் பையில் மண்ணோடு ஒரு ரோடோடெண்ட்ரான் கன்று. முதல் இரண்டும் உபயோகமாகின்றன. மூன்றாவது ஆடி மாதத்தைப் பார்ப்பதில்லை. நம் சங்கத்து மாடித்தோட்டக் குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் விதையும் வெட்டுத்தண்டும் மாற்றிக்கொள்ளும்போது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் எழும் கேள்வி இது: "ஐயா, நன்றாகத்தான் தண்ணீர் ஊற்றினோம், ஏன் பட்டுப்போச்சு?" ஏலக்காய் வியாபார நிமித்தம் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிலிகுரிக்கும் சிக்கிமுக்கும் போய்வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இந்தக் கல்கத்தா நகரத்தின் இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதில் நம் நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகையால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ரோடோடெண்ட்ரான் என்பது கிரேக்கச் சொல். ரோஜாமரம் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பழைய கிரேக்கரும் ரோமரும் இந்தப் பெயரால் குறித்தது நம் அரளியை! வங்காளிகள் கொரோபி என்று பூஜைக்குப் பறிக்கிறார்களே, அந்த அரளிதான். 1753-இல் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் முறைப்படி பெயர் சூட்டியபோது அந்தப் பெயர் இன்றைய மலைச்செடிக்கு நிலைத்துவிட்டது. நம்மவர்களும் இப்படியே செய்திருக்கிறார்கள். மேற்குமலைப் பக்கம் இதற்குக் காட்டுப்பூவரசு என்று பெயர். பூவரசுக்கும் இதற்கும் தாவர இயல்படி உறவே கிடையாது. பூவரசு பருத்தி, செம்பருத்திக் குடும்பம். இது வேறு குடும்பம். தெரிந்த மரத்தின் பெயரைத் தெரியாத மரத்துக்கு வைப்பது எல்லா ஊர் வழக்கமும்தான். குமாவுன், கட்வால் பக்கத்தில் புரான்ஸ். நேபாளியில் லாலி குராஸ். லெப்சாக்கள் எட்டோக் என்கிறார்கள். நேபாளத்துக்கு இது தேசியப் பூ, உத்தராகண்டுக்கு மாநில மரம். சிக்கிம் தன் மாநில மரமாக வைத்திருப்பது ஊதாப்பூப் பூக்கும் இன்னொரு இனம்.

கபிலருடைய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களுக்குள் இந்தப் பூவும் இருக்குமா என்று தேடத் தோன்றும். ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரைப் பிடித்து இழுத்து ஒட்டவைப்பது எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் இல்லாததால் பூவின் அழகு குறைந்துவிடாது; மலையில் இருக்கிறது, அது போதும்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1796-இல் தாமஸ் ஹார்ட்விக் என்ற கம்பெனிப் படை அதிகாரி கட்வால் ஸ்ரீநகருக்குப் போகும் வழியில் செந்நிறப் பூ மண்டிய ஒரு மரத்தைக் கண்டு குறித்துவைத்தார். 1805-இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதற்கு ரோடோடெண்ட்ரான் ஆர்போரியம், அதாவது மரமாக வளரும் ரோடோடெண்ட்ரான் என்று விஞ்ஞானப் பெயர் கொடுத்தார். விதையை இங்கிலாந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. இதன் விதை கிட்டத்தட்டத் தூசி மாதிரி. ஆறு மாதக் கப்பல் பயணத்தில் ஈரமும் உஷ்ணமும் அதைக் கொன்றுவிடும். அப்போது சிப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த டென்மார்க்குக்காரர் நதானியேல் வாலிக் ஒரு யுக்தி செய்தார். விதையைப் பழுப்புச் சர்க்கரைக்குள் புதைத்துத் தகர டப்பாவில் அடைத்து அனுப்பினார். பலித்தது! சரக்குக் கட்டி அனுப்புகிற தொழிலில் தலை நரைத்தவன் என்பதால் வாலிக்கின் பெரிய பெரிய நூல்களைவிட இந்தச் சர்க்கரை டப்பாதான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும், விதை உலர்வாக இருக்கும் என்பதைக் கடையில் உட்கார்ந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். 1825-இல் ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் இமயத்துச் செம்பூ முதன்முதலாக இங்கிலாந்தில் மலர்ந்தது. குளிர் தாங்கும் அமெரிக்க, துருக்கிச் செடிகளோடு அதைக் கலந்து ஒட்டுஇனங்கள் உண்டாக்கினார்கள். இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடெண்ட்ரான்களில் பலவற்றின் ரத்தத்தில் நம் இமயமலை மரம் இருக்கிறது.

இந்தக் காலத்தில்தான், 1820 செப்டம்பரில், ஸ்ரீராம்பூர் பாதிரியார் வில்லியம் கேரி கல்கத்தாவில் விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். கேரி என்றால் பைபிள் மொழிபெயர்ப்பும் அச்சுக்கூடமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மனிதருக்குச் செடிப் பைத்தியம். ஸ்ரீராம்பூரில் அவர் வைத்திருந்த தோட்டம் 1823 வெள்ளத்தில் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார். ராக்ஸ்பர்கின் இந்தியத் தாவர நூலைப் பதிப்பித்தவரும் அவரே. அவர் தொடங்கிய சங்கத்தில் ஒரு விசேஷம், இந்தியர்களும் உறுப்பினராகலாம் என்று ஆரம்பத்திலேயே வைத்தது. வெள்ளைக்காரர் கிளப்புகளில் நம்மவர் வாசல்படி ஏற முடியாத காலம் அது. முதல் ஆங்கில-வங்காள அகராதிகளில் ஒன்றைத் தொகுத்த ராம்கமல் சென், 'சப்த கல்பத்ருமம்' என்ற சம்ஸ்கிருதக் கோசத்தைச் செய்த ராதாகாந்த தேவ் போன்ற பெரியவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். அகராதி தொகுக்கிறவருக்கும் செடி வளர்க்கிறவருக்கும் ஒரே குணம்தான் போலும். எதையும் விட்டுவிட மனசு வராது.

சங்கம் என்ன செய்தது? விதை வரவழைத்து உறுப்பினர்களுக்குப் பங்கிட்டது. யாருக்கு எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று எழுதி வாங்கி அச்சிட்டது. காய்கறிக் கண்காட்சி வைத்துப் பரிசு கொடுத்தது. அந்தப் பரிசு எஜமானருக்கு அல்ல, மாலிக்கு, அதாவது மண்வெட்டி பிடித்த தோட்டக்காரருக்கு. இது சின்ன விஷயம் இல்லை. 1872 முதல் அலிப்பூரில் தோட்டம் வைத்து இன்றும் நடந்துவரும் இந்தச் சங்கம் 2020-இல் இருநூறு வயதை நிறைவு செய்தது. தேசிய நூலகத்துக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் அதன் மதில் ஓரமாகத்தான் நடந்து போகிறார்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1848 ஜனவரியில் ஜோசப் டால்டன் ஹூக்கர் கல்கத்தா வந்து இறங்கினார். வயது முப்பது. புதிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியோடு ஒரே கப்பலில் வந்தவர். ஏப்ரலில் டார்ஜிலிங் போய் பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டில் தங்கினார். அடுத்த இரண்டு வருஷம் அவர் சிக்கிம் மலைகளில் அலைந்து சேகரித்ததிலிருந்து 'சிக்கிம் இமயத்து ரோடோடெண்ட்ரான்கள்' என்ற நூல் 1849 முதல் 1851 வரை லண்டனில் பகுதி பகுதியாக வெளிவந்தது. 30 வண்ணப்படங்கள். முதல் பகுதி அச்சாகி வரும்போது ஆசிரியர் இன்னும் மலையில்தான் இருந்தார். புதிதாகக் கண்ட செடிகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: டல்ஹௌசி சீமாட்டி பெயரில் ஒன்று, ஹாட்ஜ்சன் பெயரில் ஒன்று, கல்கத்தாத் தோட்டத்தில் வாலிக்குக்குப் பின் வந்த ஃபால்கனர் பெயரில் ஒன்று. உதவியவர்களுக்கு நன்றி என்ற முறையில் தப்பில்லை.

ஆனால் உதவியவர் பட்டியல் அதோடு முடிந்ததா? 1848 அக்டோபரில் கிழக்கு நேபாளம் புறப்பட்டபோது அவருடைய கூட்டம் 56 பேர். அதில் லெப்சாக்கள் செடி பறித்தார்கள், மரம் ஏறினார்கள், காகிதங்களை நெருப்பில் காயவைத்துச் செடிகளை அழுத்தினார்கள். ஹூக்கர் நன்றி கெட்டவர் அல்லர். தம் பயணநூலில் லெப்சாக்களின் நற்குணத்தையும் செடி அறிவையும் மனம் திறந்து புகழ்கிறார். ஹாட்ஜ்சன் பெயர் கொண்ட மரத்தில் மலைவாசிகள் கிண்ணம், கரண்டி, யாக் மாட்டுச் சேணம் செய்வதையும், அதன் பளபளப்பான பெரிய இலையில் வெண்ணெய் பொதிந்து விருந்தினருக்குக் கொடுப்பதையும் அவர்தான் எழுதிவைத்தார். நமக்கு வாழையிலை, மந்தாரை இலை மாதிரி அவர்களுக்கு அது. பயன் தெரிந்தவன் ஒருவன், பெயர் போனது இன்னொருவருக்கு. நூலைக் குறை சொல்லவில்லை. படிக்கிற நாம் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

இந்தப் பூ தேடலுக்குச் சிக்கிம் கொடுத்த விலை ஒன்றும் உண்டு. 1849 நவம்பரில், திபெத் எல்லை தாண்டித் திரும்பிவந்த ஹூக்கரையும் டார்ஜிலிங் அதிகாரி கேம்பெல்லையும் சிக்கிம் திவானின் ஆட்கள் பிடித்து வைத்தார்கள். டிசம்பர் கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் கம்பெனி சர்க்கார் விடவில்லை. டார்ஜிலிங்குக்காகச் சிக்கிம் ராஜாவுக்குக் கொடுத்துவந்த ஆண்டு வாடகை ரூபாய் 6,000 நின்றது. 1850-இல் மலையடிவாரத் தராய் நிலம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. அந்தத் தராயில்தான் பின்னாளில் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. தாவர நூல்களின் முன்னுரைகளில் இது ஒரு வரியாகக் கடந்துவிடும். கணக்குப் பார்க்கிற எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

போகட்டும். உங்கள் கன்று ஏன் பட்டுப்போகிறது என்பதற்கு வருகிறேன்.

ரோடோடெண்ட்ரானுக்கு ஆணிவேர் ஆழமாகப் போகாது. தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பாய் விரித்த மாதிரி பரவும். அந்த வேரின் உயிரணுக்களுக்குள் ஒருவகைப் பூஞ்சாணம் குடியிருக்கிறது. மக்கிய இலையிலிருந்து சத்தைப் பிரித்துச் செடிக்கு அது ஊட்டுகிறது. பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கல்தான்! இந்த வியாபாரம் நடக்கப் புளிப்பு மண் வேண்டும். அமிலக் கணக்கில் 4.5-லிருந்து 6 வரை. சுண்ணாம்பு பட்டால் இலை மஞ்சளாகிவிடும். கங்கை வண்டல் அந்தக் கணக்குக்கு வராது; மாடியில் சிமெண்டுத் தொட்டி வைத்தால் சுண்ணாம்பு தானாகவே சேரும். இது போதாதென்று நம் ஜூன், ஜூலை. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேரழுகல் பூஞ்சாணம் கொழிக்கும். அன்பாக ஊற்றிய தண்ணீரே எமனாகிறது. சிப்பூரில் உலகத்து மரமெல்லாம் வளர்த்தவர்களுக்கே இது வசப்படவில்லை என்றால் நம் மொட்டைமாடிக்கு வசப்படுமா? அதனால்தான் 1878-இல் டார்ஜிலிங்கில் லாயிட் என்பவர் தந்த 40 ஏக்கரில் சிப்பூருக்குக் கிளை மாதிரி லாயிட் தாவரத் தோட்டம் உண்டாயிற்று.

இன்னொன்று, இது தனியாக வாழும் செடி இல்லை. மலையில் போய் நின்று பார்த்தால் தெரியும். மேலே ஓக், மக்னோலியா, இன்னும் உயரத்தில் வெள்ளி ஃபர் மரங்கள் நிழல் தரும். காலடியில் பாசி, பெரணி, பிரிமுலா. டல்ஹௌசி சீமாட்டியின் பெயர் கொண்டது பிற மரக்கிளைகளின் பாசியில் ஒட்டி வளர்ந்து அல்லிபோல் வெண்பூ விடும். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் தோழமைச் செடி என்ற பாடத்தைக் கற்றார்கள். ஒரே மண் ருசியுள்ள கமேலியா, ஜப்பான் மேப்பிள், பெரணிகளைச் சேர்த்து நடுவது, வேரை அறுக்குமாறு கொத்தாமல் இலைச்சருகை மேலே மூடிவைப்பது எல்லாம் அப்படி வந்தவை. இங்கிலாந்தில் 1915-இல் சில தோட்டப் பிரியர்கள் சேர்ந்து ரோடோடெண்ட்ரான் சங்கம் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1945-இல் ஒன்று. இரண்டும் கேரி 1820-இல் செய்த அதே வேலையைத்தான் செய்தன: விதை மாற்று, பட்டதை எழுது.

சிக்கிமின் பெரிய ஏலக்காயும் இந்தப் பாடத்தைத்தான் சொல்கிறது. உத்தீஸ் என்ற மரத்தின் நிழலில்தான் அதை வைப்பார்கள். மரம் நிழலும் தரும், மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும். மரத்தை வெட்டிவிட்டு ஏலக்காய் மட்டும் வேண்டும் என்றால் இரண்டும் போகும். இது எந்தச் சங்கமும் சொல்லிக்கொடுத்ததல்ல. அங்குள்ள குடியானவர் அறிவு.

பூவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புரான்ஸ் பூவில் குமாவுன்காரர்கள் சர்பத் செய்கிறார்கள், துவையல் அரைக்கிறார்கள். நேபாளிகள் தொண்டையில் மீன்முள் சிக்கினால் இதழை மெல்லச் சொல்வார்கள்; எங்கள் சமண வீடுகளில் அந்த வைத்தியத்துக்கு வேலையே இல்லை! ஆனால் எல்லா இனமும் இப்படி அல்ல. பல இனங்களின் இலையிலும் தேனிலும் விஷம் உண்டு. மேய்ந்த ஆடுமாடு செத்துப்போகும். கி.மு. 401-இல் கருங்கடல் ஓரம் கிரேக்கப் படையினர் காட்டுத்தேன் சாப்பிட்டு மயங்கி விழுந்ததைச் செனஃபன் எழுதியிருக்கிறார். அது இந்தச் செடியின் தேன்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பழைய பெயருக்குரிய அரளியும் விஷம், புதிய பெயருக்குரியதும் விஷம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இமயத்து ஆர்போரியத்தின் உடன்பிறப்பு ஒன்று நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளிலும், இன்னொன்று இலங்கை மலைகளிலும் இருக்கிறது. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளி. அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. எப்படித் தாண்டியது? பனியுகக் காலத்தில் நாடு முழுவதும் குளிர்ந்திருந்தபோது குளிர்ச்செடிகள் தாழ்ந்த குன்றுகளிலும் வாழ்ந்து தெற்கே பரவின, பிறகு வெப்பம் ஏற ஏற உச்சிகளுக்கு ஒதுங்கின என்பது பலர் ஏற்கும் விளக்கம். மலை ஓடை மீன்கள் சாத்பூரா மலைத்தொடர் வழியாகத் தெற்கே வந்தன என்று 1940-களில் வாதிட்ட சுந்தர்லால் ஹோரா நம் கல்கத்தாவின் விலங்கியல் ஆய்வகத் தலைவராயிருந்தவர். அவருடைய கருத்து முழுவதும் நிலைக்கவில்லை. ஆனாலும் வடக்குக்கும் தெற்குக்கும் மலைவழி உறவு உண்டா என்ற கேள்வியை நாட்டில் எல்லோரும் பேசவைத்தவர் அவர்.

நீலகிரி மரத்துக்குத் தனிப்பெயர் கொடுத்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஸென்கர். உதகையில் தங்கியிருந்த ஷ்மிட் பாதிரியார் அனுப்பிய செடிகளை வைத்து 1830-களின் நடுவில் எழுதினார். அடுத்து வந்த ராபர்ட் வைட் தென்னாட்டுத் தாவரங்களை ஆயிரக்கணக்கான படங்களோடு வெளியிட்டார். நீலகிரி மரமும் அவற்றில் உண்டு. அந்தப் படங்களை வரைந்தவர்களில் தலையாயவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னாட்டு ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் 'கோவிந்தூவியா' என்று தம் ஓவியர் பெயரையே வைத்தார். பின்னால் வந்த விதிமுறைப்படி அந்தப் பெயர் வழக்கிழந்து வேறு பேரினத்துக்குள் அடங்கிப்போயிற்று. சீமாட்டி பெயர் நிற்கிறது, கோவிந்து பெயர் போய்விட்டது. இதில் சதி ஒன்றும் இல்லை, விதிமுறைதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

உதகைத் தாவரத் தோட்டத்தின் மூலமும் ஒரு சின்னச் சங்கம்தான். 1840-களில் வெள்ளைக்காரக் குடியிருப்பாளர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்கட்டும் என்று ஒரு தோட்டம் போட்டார்கள். சரிப்படவில்லை. பிறகுதான் சர்க்கார் கைக்கு வந்து, கியூ தோட்டத்தில் பயின்ற மெக்கைவர் 1848-இல் வந்து இன்றைய தோட்டத்தை உருவாக்கினார்.

நீலகிரியில் இதன் தோழர்கள் யார்? சோலை ஓரத்துச் சண்பகம், நாவல் வகைகள், புல்வெளிக் குறிஞ்சி. தைல வாசனையுள்ள கால்தீரியாவும் வாக்சினியமும் இதன் சொந்தக் குடும்பம். அதே பூஞ்சாணக் கூட்டு அவற்றுக்கும் உண்டு. மற்ற சோலை மரங்கள் புல்வெளிக்கு வராமல் ஒதுங்க, காட்டுப்பூவரசு மட்டும் திறந்த புல்லில் தனித்து நிற்கும். தடித்த பட்டை இருப்பதால் புல்தீயைத் தாங்கும். தீயைத் தாங்கிய மரம் மனிதனின் திட்டத்தைத் தாங்கவில்லை. ஒன்றுக்கும் ஆகாத தரிசு என்று நினைத்து அந்தப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள், மிச்சத்தில் தேயிலை. முக்குர்த்தி தேசியப் பூங்காவின் 78 சதுர கிலோமீட்டரில் இன்னும் பழைய காட்சி மிஞ்சியிருக்கிறது.

வடக்கிலும் நிலைமை சுகமில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட நூல் சிக்கிம், டார்ஜிலிங் பகுதியில் 45 வகைகளைப் படத்தோடு காட்டுகிறது. நாடு முழுவதும் உள்ளவை 132. இவ்வளவு சின்ன இடத்தில் மூன்றில் ஒரு பங்கு! அவற்றில் ஐந்து கடும் ஆபத்தில் இருப்பதாகவும் அது சொல்கிறது. சிக்கிமின் மாநில மரமே அந்த ஐந்தில் ஒன்று. பனிமலை முகாம்களில் எரிக்க வேறு விறகு இல்லை. சுன்பதே என்ற குட்டைவகை சாம்பிராணிக்காகப் பறிக்கப்பட்டுக் கடைவீதி வரை வருகிறது. மத்திய இமயத்தில் புரான்ஸ் பூக்கும் காலம் நூறு வருஷத்தில் சுமார் மூன்று மாதம் முன்னால் நகர்ந்துவிட்டது என்று 2014-இல் ஓர் ஆய்வு, பழைய உலர்செடி ஏடுகளை வைத்துக் கணக்கிட்டது. யாரோ நூறு வருஷத்துக்கு முன் தேதி போட்டு ஒட்டிவைத்த காய்ந்த கிளை இன்று சாட்சி சொல்கிறது.

அதனால் நம் குழுவினருக்கு என் யோசனை இதுதான். மலையிலிருந்து கன்று தூக்கி வர வேண்டாம். நர்சரியில் விலைக்கு வாங்கியதானாலும் அது சாகத்தான் வருகிறது. காட்டிலிருந்து பிடுங்கியதென்றால் இரட்டைப் பாவம். ஓரறிவுயிர் என்று நம் முன்னோர் சொன்ன கணக்கில் அதுவும் வரும். மாடியில் அரளி வையுங்கள், இட்லிப்பூ, செம்பருத்தி வையுங்கள். எது எந்தத் தேதியில் பூத்தது, எது பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளாளுக்கு எழுதி வாருங்கள்.

பூவைப் பார்க்க ஆசையா, போய்ப் பாருங்கள். மேற்குச் சிக்கிமில் பர்சே சரணாலயம் 104 சதுர கிலோமீட்டர். ஹில்லேயில் இறங்கிப் பர்சே வரை நாலு கிலோமீட்டர் நடை, ஏற்றம் அதிகமில்லை, என் முழங்காலே ஒப்புக்கொண்ட பாதை. ஏப்ரலில் போக வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கூட்டி, உதகையில் தொட்டபெட்டாப் பக்கம் போனால் அந்தக் குளிரிலேயே காட்டுப்பூவரசு சிவக்கத் தொடங்கியிருக்கும். டில்லியில் உறவினர் இருந்தால் மார்ச்சில் நைனிடால். எந்த மலையானாலும் கீழே உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். குமாவுன் மரத்து இலையின் அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். நீலகிரி மரத்து இலைக்குப் பழுப்புக் கம்பளி போர்த்தியிருக்கும்.